கோத்தகிரியில் ஒரு குழந்தைகள் கிளினிக்: மருந்துக்கு முன்னால் சாம்பிள் எடுக்கிற இடம்

கோத்தகிரி பஜாருக்குப் பின்பக்கம், மேட்டுத் தெருவில், மாடியில் இருக்கிறது இந்தக் குழந்தைகள் கிளினிக். ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ் அக்கா, டோக்கன் எழுதுகிற ஒரு பையன், கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு மருந்துக்கடை. அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி என்று நினைத்துப் போகாதீர்கள். ஆனால் பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, அதிலும் சளியும் ரத்தமுமாகப் போகிறது என்றால், பகல் நேரத்தில் நான் முதலில் சொல்கிற இடம் இதுதான்.

நான் அரவேணுவில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர் கைக்குழந்தையோடு வருவார்கள். அளவெடுத்து முடிப்பதற்குள் பேச்சு பிள்ளைகளின் நோய்க்குப் போய்விடும். "என்ன சிரப் கொடுத்தே? எந்தக் கடையில வாங்கினே?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். டாக்டர் பெயரைவிட சிரப் பெயரைத்தான் அதிகம் விசாரிப்பார்கள். போன ஐப்பசி மழையில் என் மகள் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. அதனால் இந்த கிளினிக்கில் என்ன செய்தார்கள், எதை முதலில் செய்தார்கள், எதை அவசரப்பட்டுச் செய்யவில்லை என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். மாடிப்படி செங்குத்து, மழையில் வழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் கை கழுவும் தொட்டி, சோப்பு. டோக்கன் பையன் பெயர் எழுதும்போதே "காய்ச்சலா, இருமலா, வயித்தாலயா?" என்று கேட்டுவிடுகிறான். வயிற்றால் போகிற பிள்ளைகளுக்கு ஜன்னல் ஓரமாகத் தனி பெஞ்சு, தனி டாய்லெட். ஒரு பிள்ளை போய்விட்டு வந்ததும் நர்ஸ் அக்கா பிளீச்சிங் தண்ணீர் ஊற்றித் துடைத்த பிறகுதான் அடுத்த பிள்ளையை விடுகிறார். மலையில் இருக்கிற சின்ன கிளினிக்கில் இவ்வளவு கவனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காரணத்தை டாக்டரம்மாவே பிறகு சொன்னார். ஷிகெல்லா என்று ஒரு கிருமி. பத்து முதல் நூறு கிருமி வயிற்றுக்குள் போனாலே போதும், சீதபேதி வந்துவிடும். காலராவுக்கெல்லாம் லட்சக்கணக்கில் போக வேண்டும். இதற்கு ஒரு கதவுக் கைப்பிடி போதும், ஒரு ஈ போதும்.

என் மகளுக்கு இரண்டு வயது. ஆரம்பத்தில் தண்ணீராகத்தான் போனது, கூடவே லேசான காய்ச்சல். வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறார். பேக்டரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மருந்துக்கடையில் "ரெண்டு வயசுப் பிள்ளைக்கு வயித்தால போகுது" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையின் எடை என்ன என்றுகூடக் கேட்காமல் ஒரு சிரப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த சிரப். லேபிளில் சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்று காட்டத்தான் அந்தக் கோடு. வாங்குகிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், விற்கிறவருக்குத் தெரியாதா? அந்த சிரப்பைக் குடித்தும் நிற்கவில்லை. சளியாகப் போக ஆரம்பித்தது, அப்புறம் ரத்தம் தெரிந்தது. பிள்ளை முக்கி முக்கி அழுகிறாள், வருவதோ ஒரு கரண்டி சளி. "இது சீதபேதிம்மா, நேரம் கடத்தாதே" என்று மாமியார் சொன்னதும் கிளம்பிவிட்டோம்.

டாக்டரம்மா பேனாவை எடுக்கவே வெகு நேரம் ஆனது. முதலில் எடை பார்த்தார். கண் குழி விழுந்திருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்று கவனித்தார். "கடைசியா எப்போ மூத்திரம் போனா? அழும்போது கண்ணீர் வருதா? தண்ணி காட்டினா தாவிக் குடிக்கிறாளா, இல்ல முகத்தைத் திருப்பிக்கிறாளா?" இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் சிரப் பாட்டிலைக் கையோடு கொண்டு போயிருந்தோம். வாங்கி லேபிளைப் படித்துவிட்டு, "இந்தக் கலவை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்காத மருந்துப் பட்டியல்ல இருக்கு. இன்னையோட நிறுத்திடுங்க" என்றார். கடைக்காரரையோ எங்களையோ ஒரு வார்த்தை திட்டவில்லை.

நாப்கினை விரித்துக் காட்டச் சொன்னார். பிள்ளையின் மலத்தைப் பார்க்காமலே மருந்து எழுதுகிற இடங்களைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் நிறையச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவர் விளக்கைப் போட்டு, குனிந்து பார்த்தார். "ரத்தம் இருக்கு, காய்ச்சல் இருக்கு. இவளுக்கு ஆன்டிபயாடிக் வேணும். ஆனா முதல் வேளை உள்ள போறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுத்துடணும். மருந்து போயிட்டா லேப்ல வளர்த்துப் பார்க்கற தட்டுல கிருமி வளராது. எது கேட்கும், எது கேட்காதுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்" என்றார். சிரப் ஏற்கெனவே கொஞ்சம் போய்விட்டதே என்று கேட்டேன். "அதைக் குடிச்சும் ரத்தம் வருதுன்னா, கிருமி அந்த மருந்துக்கு மசியலைன்னுதான் தோணுது. எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

சாம்பிள் எடுக்கிற விஷயத்தில்தான் இந்த கிளினிக் மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. கோத்தகிரியில் மலத்தைக் கல்ச்சர் செய்ய, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வசதி இல்லை என்பதால் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்புகிறார்கள். ஷிகெல்லா வெளியில் வந்தால் சீக்கிரம் செத்துவிடுகிற கிருமியாம். டப்பாவில் பிடித்துச் சும்மா வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. குஞ்சப்பனை வளைவுகள் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை டவுனுக்குள் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். அதனால் கேரி-பிளேர் என்கிற கூழ் போன்ற ஊடகம் அடைத்த குழாய்களைக் கிளினிக்கிலேயே வாங்கி வைத்திருக்கிறார்கள். சளியும் ரத்தமும் இருக்கிற இடத்தில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு எடுத்து, அந்தக் குழாய்க்குள் செருகி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்தார் நர்ஸ் அக்கா. குழாயின் மேல் பெயர், வயது, எடுத்த நேரம், முன்பே கொடுத்த மருந்தின் பெயர் எல்லாம் எழுதினார். லேபின் ஆள் மதியம் வந்து எடுத்துப் போகிறார். கல்ச்சருக்கு என்னிடம் வாங்கியது 900 ரூபாய், டாக்டர் பீஸ் 300. எங்கள் வருமானத்துக்கு 900 சின்னத் தொகை இல்லை. ஆனாலும் அளவெடுக்காமல் துணியை வெட்டச் சொல்லி யாரும் என்னிடம் கேட்பதில்லையே.

மருந்துக்கு முன்னால் நர்ஸ் அக்கா கையில் எடுத்தது ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி பாக்கெட். கிளினிக்கில் விற்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கிற அதே பாக்கெட்டைத்தான் கரைத்துக் காட்டுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, சாதா உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. இந்தக் கணக்கு பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. தண்ணீரைக் குறைத்தாலும் தப்பு, கூட்டினாலும் தப்பு, பாதி பாக்கெட்டைப் பிரித்துக் கரைக்கவும் கூடாது. ஒரு டம்ளருக்கென்று வருகிற சின்ன பாக்கெட் வேறு, அது 200 மில்லிக்கு. எந்தப் பாக்கெட் என்று பார்த்துக் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

பிள்ளை வாந்தி எடுத்ததும் மாமியார் பயந்துவிட்டார். "குளுக்கோஸ் ஏத்தலையாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டரம்மா பொறுமையாக, பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையைத் தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பாங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, கூட இருந்த சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் இறந்த பிறகு, 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். மாமியார் சின்னப் பிள்ளையாகக் கண்டியிலிருந்து தலைமன்னார் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி இந்த மலைக்கு வந்தவர். முகாமில் பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு குளுக்கோஸ் பேச்சையே எடுக்கவில்லை. ஸ்பூனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாக எழுதி அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்பு பானங்கள் இருக்கின்றனவே, அவை இந்தப் பாக்கெட்டுக்கு ஈடு ஆகாது. அவற்றில் சர்க்கரை அளவுக்கு மீறி இருக்கும். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை இன்னும் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. கிளினிக் சுவரில் இதைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். டோக்கனுக்காகக் காத்திருக்கும்போது படித்துப் பாருங்கள்.

கூடவே துத்தநாக மாத்திரை, ஆங்கிலத்தில் ஜிங்க் என்பார்கள். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்ற பிறகும் விடாமல் கொடுக்க வேண்டும். இதுவும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான்.

சாம்பிள் போன பிறகுதான் மருந்து எழுதினார், செஃபிக்சிம் சிரப். கீழே இருக்கிற மருந்துக்கடையில் அதைக் கொடுக்கும்போது ஒரு ரிஜிஸ்டரில் பிள்ளையின் பெயர், டாக்டர் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதினார்கள். ஏன் என்று கேட்டேன். 2014 மார்ச்சிலிருந்து இந்த மாதிரி ஆன்டிபயாடிக்குகள் ஹெச்-1 என்ற தனி அட்டவணையில் இருக்கின்றன, விற்றதைக் கணக்கு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்றார் கடையில் இருந்த தம்பி. பவுடர் பாட்டிலில் கோடு வரை காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, குலுக்கி, மறுபடி கோடு வரை நிரப்பிக் காட்டினார். அளவுக்குச் சின்ன சிரிஞ்சும் கொடுத்தார். வீட்டு ஸ்பூனால் மருந்து ஊற்றாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

"ரெண்டு நாள்ல காய்ச்சலும் ரத்தமும் குறையணும். குறையலைன்னா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம். ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, போன் பண்ணுங்க" என்று சீட்டின் பின்னால் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. குறையவில்லை. போன் செய்தேன். எடுத்தார், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவரே லேபைக் கூப்பிட்டு, எழுத்தில் வராத முடிவை வாயால் கேட்டு வாங்கி, எங்களை உடனே வரச் சொன்னார்.

மேஜைமேல் ரிப்போர்ட்டை வைத்து விளக்கினார். வளர்ந்தது ஷிகெல்லா சோனி. கிருமியைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு மருந்தும் தோய்த்த சின்னக் காகித வட்டுகளை மேலே வைப்பார்களாம். வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறுமையாக இருந்தால் மருந்து கேட்கிறது. வட்டின் ஓரம் வரை வளர்ந்திருந்தால் கேட்கவில்லை. அந்த வெற்றிடத்தை மில்லிமீட்டரில் அளந்து பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து போடுகிறார்கள். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. எங்கள் காகிதத்தில் ஆம்பிசிலின் ஆர். கோட்ரைமாக்சசோல் ஆர். சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். கடையில் கொடுத்த ஆஃப்லாக்சசின் இதன் குடும்பம்தான். செஃபிக்சிம் ஆர், ஊசியாகப் போடுகிற செஃப்ட்ரியாக்சோனும் ஆர். அசித்ரோமைசின் எஸ், கடைசியில் மெரோபெனம் எஸ்.

அந்த ஆர் வரிசையைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வயதுப் பிள்ளை. அவள் வாழ்க்கையில் எத்தனை மருந்து சாப்பிட்டிருப்பாள்? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அவ சாப்பிட்டதால மட்டும் வர்றதில்லைம்மா. ஊர்ல எல்லாருமா சேர்ந்து சாப்பிட்டதால வர்றது. குடல்ல நல்ல கிருமி கோடிக்கணக்குல இருக்கு. தேவையில்லாம மருந்து கொடுத்தா, அதைத் தாங்குறது மட்டும் மிஞ்சும், அப்புறம் அதுவே பெருகும். தாங்குற அந்தக் குணத்தைப் பக்கத்துல இருக்கற வேற சாதிக் கிருமிக்கும் கொடுத்துடும். தண்ணியில, கையில வர்றப்பவே கிருமி அந்தக் குணத்தோடதான் வருது" என்றார். மெரோபெனம் என்பது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பில் ஏற்றுகிற மருந்து, அதைத் தொடாமல் வாய்வழி மருந்திலேயே முடிக்க இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது என்று சொல்லி, செஃபிக்சிமை நிறுத்திவிட்டு அசித்ரோமைசின் எழுதினார். கேட்டது. காய்ச்சல் முதலில் இறங்கியது, பிறகு ரத்தம் நின்றது, அப்புறம் மகள் ரசம் சாதம் கேட்டாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் அசித்ரோமைசின் கேட்காதீர்கள். என் மகளின் கிருமிக்கு அது கேட்டது. உங்கள் பிள்ளையின் கிருமி வேறாக இருக்கலாம், இந்த மருந்துகள் எதற்குமே அடங்காத வைரஸாகவும் இருக்கலாம். அசித்ரோமைசினுக்கும் அடங்காத ஷிகெல்லா உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆபத்தான கிருமிகளின் பட்டியலில், சிப்ரோ வகை மருந்துக்கு அடங்காத ஷிகெல்லாவை உயர்ந்த முன்னுரிமை வரிசையில் வைத்திருக்கிறது. இது தூரத்து விஷயமும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், 2020 டிசம்பரில் கோழிக்கோட்டில் ஷிகெல்லா பரவியது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வந்ததும் இதுதான், ஒரு மாணவி இறந்தே போனாள்.

ரிப்போர்ட் வாங்கப் போயிருந்த அன்று பார்த்த ஒன்றையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த கிளினிக்கைப் பற்றி ஊரில் வருகிற ஒரே பெரிய குறை இதுதான். எங்களுக்கு முன்னால் ஒரு அப்பா ஒன்பது மாதப் பையனோடு வந்திருந்தார். வெறும் தண்ணீர்ப் போக்கு, வாந்தி, ரத்தம் இல்லை. டாக்டரம்மா ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், தாய்ப்பால், வழக்கமான சாப்பாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அப்பா, "இதுக்கா முன்னூறு ரூபா? ஒரு மருந்துகூட எழுதலையே" என்று குரலை உயர்த்தினார். பாவம், பொழுது விடியுமுன்னே பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. டாக்டரம்மா அவரை உட்கார வைத்தார். "இந்த வயசுல தண்ணியா போறது பெரும்பாலும் வைரஸ். அதுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது. இன்னைக்கு வீணா கொடுத்தா, நாளைக்கு நிஜமாவே தேவைப்படும்போது வேலை செய்யாது. நீங்க கொடுத்த காசு நான் பிள்ளையைப் பார்த்ததுக்கு. சாயந்திரம் ஒரு போன் பண்ணுங்க, எப்படி இருக்கான்னு சொல்லுங்க" என்றார். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போட்டாயிற்றா என்று கேட்டு அட்டையைப் பார்த்தார். தமிழ்நாட்டில் 2017-லிருந்து அது இலவசம். அந்த மனிதர் சமாதானமாகிப் போனாரா தெரியாது, ஆனால் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "அங்கே போனா மருந்தே எழுத மாட்டாங்க" என்று என் கடையில் யாராவது குறை சொன்னால், நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கதை முழுவதையும் சொல்கிறேன். தேவைப்பட்டபோது என் மகளுக்கு எழுதினார், தேவைப்படாத பையனுக்கு எழுதவில்லை. ஒரே டாக்டர், ஒரே பேனா.

குறைகள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ராத்திரி கிடையாது. ஒரே டாக்டர் என்பதால் காத்திருப்பு நீளும், அதுவும் செவ்வாய், வெள்ளி கூட்டம் தாங்காது. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது. டாக்டரம்மா வாயால் சொல்வதைத் தமிழில் ஒரு அரைப் பக்கம் அச்சடித்துச் சேர்த்துக் கொடுத்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் காட்ட முடியும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். கல்ச்சர் கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால்தான் தெரிகிறது. தோட்டத்து லயத்திலிருந்து வருகிற அம்மாக்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். மலைப்பாதையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ சாம்பிள் அன்றைக்குப் போகாது, அதற்கு கிளினிக் ஒன்றும் செய்ய முடியாது.

எதற்கு இங்கே வரக் கூடாது என்பதையும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பிள்ளை துவண்டு கிடந்தால், கூப்பிட்டால் கண் திறக்காவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், வெகு நேரம் மூத்திரம் போகாவிட்டால், வலிப்பு வந்தால், தோலைக் கிள்ளினால் மெதுவாகப் படிந்தால் நேராக 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஷிகெல்லா காய்ச்சலில் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வருவது உண்டாம். போக்கை நிறுத்துகிறேன் என்று பெரியவர்கள் சாப்பிடுகிற லோபிரமைடு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அக்கா தனியாக உட்கார வைத்துச் சொன்னது நிறைய. மழைக் காலத்தில் ஊற்றிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஆனாலும் பொங்கக் கொதிக்க வைத்த பிறகே கொடுக்க வேண்டும். நாப்கின் மாற்றிய கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் போக வேண்டும். பிள்ளையின் மலத்தைத் தோட்டத்தில் கொட்டாமல் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். போக்கு முழுசாக நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுத்துத்தான் அங்கன்வாடிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்த மருந்தை அண்ணன் அக்காவுக்கு வயிற்றால் போகும்போது எடுத்து ஊற்றக் கூடாது, மிச்சத்தை வைத்திருக்கவும் கூடாது. என் மகள் போகிற அங்கன்வாடி டீச்சருக்கு டாக்டரம்மாவே போன் செய்து, வேறு பிள்ளைகளுக்கு ரத்தமாகப் போகிறதா என்று விசாரித்தார். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லச் சொன்னார். முன்னூறு ரூபாய் பீஸுக்குள் இதெல்லாம் அடங்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

போகிறவர்கள் கவனிக்க: ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் பாட்டிலை எடுத்துப் போங்கள், மறைக்காதீர்கள். தடுப்பூசி அட்டை அவசியம். கடைசியாக மாற்றிய நாப்கினை மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கொண்டு போனால் டாக்டரம்மா சந்தோஷப்படுவார். டோக்கன் காலை ஒன்பதுக்கு ஆரம்பம். லேபின் ஆள் மதியம் ஒன்றரைக்கு வந்து போய்விடுவார், அதற்குப் பிறகு எடுக்கிற சாம்பிள் மறுநாள்தான் மலை இறங்கும். ரத்தம் தெரிந்தால் காலையிலேயே போய்விடுங்கள்.